எந்தக் கட்டம்

கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சிக்காரர்
முதல் நாளே ஒரு தாளை நீட்டினார்.
பத்தாங் பெர்ஜுந்தை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மின்விசிறி முனகும் மாடி அறை.
பாய்லர் பரீட்சைக்குப் பதினோரு பேர்,
குளித்துவிட்டு வந்தும் போகாத செம்பனை வாடை.

நீங்கள் எப்படிக் கற்பவர்?
கண்ணாலா, காதாலா, கையாலா, படித்தா?
நான்கு கட்டம். ஒன்றில் மட்டும் கோடிடுக.

காதில் போட்டேன்.
பதினாறு வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்றவன் நான்.
நார் எரிகிற சத்தம் வேறு, ஓடு எரிகிற சத்தம் வேறு.
எங்கேயோ நீராவி கசிந்தால்
தூக்குச்சட்டியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

பரஞ்சோதி படிப்பவனாம்.
படிக்கவில்லை அவன், மென்றான்.
வால்வுகளின் மலாய்ப் பெயர்களைத்
தலைக்கவசத்துக்குள் ஒப்பித்தபடி
ஏழாம் கட்டை வரைக்கும் மோட்டாரில் போவான்.
சிவப்பு விளக்கில் நிற்கிறவர்கள்
வம்புக்கு வருகிறானோ என்று கண்ணாடியை ஏற்றுவார்கள்.

ரொஸ்லான் கண்.
தே தாரிக் கோப்பை விட்ட வட்டக் கறையிலிருந்து
ஒரு குழாய், இன்னொரு குழாய் என்று இழுத்து
இதோ பாய்லர் என்பான்.
எனக்கு அது கத்தரிக்காய்.

காதுக்காரன்தானே அப்பா என்று
மகள் தவமலர் புத்தகம் முழுவதையும்
கைப்பேசியில் வாசித்துப் பதிந்து கொடுத்தாள்.
மூன்றாம் பக்கம் தாண்டியதில்லை.
அவள் குரல் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும்,
வீடு வந்து சேர்ந்துவிட்ட மாதிரி.
இரண்டு தடவை பரீட்சை போனது.

அப்புறம் அந்த இரவு.
பழம் குவிந்த மாசம், இரட்டை ஷிப்ட்,
கண்ணில் மிளகாய் அரைத்த மாதிரி.
நிமிர்ந்து பார்த்தால் நீர்மட்டக் கண்ணாடியில்
நீர் இல்லை.
தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடு.
பச்சைப்பிள்ளைகூட அதைத்தான் செய்யும்.
என் கை பம்ப் விசைக்குப் போனது.

பிம் பகதூர் பிடித்துக்கொண்டான், மணிக்கட்டில்.
நேபாளத்துப் பையன், ஓடு தள்ளுகிறவன்.
வகுப்புக்கு வந்தவனில்லை, பட்டியலில் பேரில்லை,
மொத்தம் இருபது மலாய் வார்த்தை வைத்திருப்பான்,
அவற்றில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.
பிடித்த பிடியை விடாமல்
மறுகையால் தீயைக் காட்டினான்.

காய்ந்து கனன்ற இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால்
என்ன ஆகும் என்று
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.
தவமலர் அழகாக வாசித்திருக்கிறாள்.

மூன்றாவது தடவை வாய்மொழித் தேர்வு.
அதிகாரி பேனாவை மூடியபடி கேட்டார்:
கண்ணாடியில் நீர் தெரியவில்லை, முதல் வேலை என்ன?
மலாய் போய்விட்டது. தமிழும் போய்விட்டது.
வலது கை தானாக எழுந்து நீண்டது,
இடது கை அதை வந்து பிடித்தது.
அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
என்னை நானே கைது செய்தவன் போல.
அவர் அவசரப்படுத்தவில்லை.
தீயை நிறுத்துவேன், துவான், என்றேன்.
தண்ணீர்?
தொட மாட்டேன்.

சான்றிதழைச் சட்டம் போட்டு ஆலையில் மாட்டினார்கள்.
சத்தத்தைக் காதுதான் கற்றது, அதில் பொய்யில்லை.
இதை மட்டும் மணிக்கட்டு கற்றது.
நாளைக்கு வேறொன்று வந்தால்
எது கற்குமோ, யார் கண்டது?
கற்கிறவனுக்கு ஒரு வழி இருக்கிறதென்றால்
கற்க வேண்டியதற்கும் ஒன்று இருக்கும் போல.

உனக்கு எப்படித் தெரியும் என்று
பிம்மிடம் ஒரு நாள் கேட்டேன், பசியாறும் நேரத்தில்.
சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான்.
பிறகு ஏனோ இறக்கிவிட்டுக்
கோப்பையைக் கழுவப் போனான்.

அந்தத் தாளில் ஐந்தாவது கட்டம் ஏதும் இருந்ததா?
பரஞ்சோதியைக் கேட்டேன்.
கண்ணை மூடி முழுத்தாளையும் ஒப்பித்துப் பார்த்துவிட்டு
இல்லை என்றான்.