றெஜிபோம் மூடி

கல்முனையில் விலை கேட்டேன்,
வெளிச்சத்தை மெதுவாக்கும் பெட்டிக்கு.
அவன் சொன்ன தொகைக்கு
இரண்டு கல்யாணம் எடுத்து முடிக்க வேண்டும்.
கல்யாணம் எடுக்கத்தான் அந்தப் பெட்டியே.
பஸ் கல்லடிப் பாலம் ஏறும்வரை
இந்தக் கணக்கிலேயே சுற்றிக்கொண்டு வந்தேன்.

மட்டைப்பெட்டி சும்மா கிடைத்தது,
பிஸ்கட் வந்த பெட்டி.
உள்ளே ரொட்டி சுற்றும் ஈயத்தாள், கசங்கலோடு.
முதல்நாள் பழைய குண்டு பல்பைப் போட்டு
மட்டை புகைந்தது.
வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை.
பிறகு எல்ஈடி.
முகப்புக்குச் சோற்றுப்பார்சல் கட்டும் லஞ்ச் சீற்:
ஒன்று போட்டால் வெளிச்சம் அதட்டுகிறது,
மூன்று போட்டால் படுத்துவிடுகிறது.
இரண்டு.
இதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போனது,
ஒரு பூசணிக்காயின் நூற்றிப்பத்துப் படங்களும்.

நிழல் விழும் பக்கத்துக்கு
வெள்ளையாய் ஏதாவது வேண்டும்.
பாலமீன்மடு மீன்வாடியில்
உடைந்த றெஜிபோம் பெட்டி இருக்கா என்றேன்.
"எத்தின கிலோ வைக்க?" தவேந்திரன் அண்ணன்.
"மீனுக்கில்ல அண்ண, முகத்துக்கு."
கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
மூடியை மட்டும் தந்தார்.
பெட்டியில் ஓட்டைதானாம்,
ஆனால் நண்டுக்குக் காணுமாம்.

சவர்க்காரம் போட்டு மூன்றுதரம்,
தேசிக்காய்த் தோலால் ஒருதரம்.
முருங்கையில் சாத்திக் காயவைத்தேன்.
காகங்கள் மட்டும்
தங்கள் முடிவை மாற்றவில்லை.

களுவாஞ்சிகுடி. கோகுலரூபியின் கல்யாணம்.
மணப்பெண்ணின் மாமி என் காதுக்குள் வந்தாள்:
"என்னகா, புள்ளைய வெள்ளையா எடுப்பியா?"
ஏற்கனவே அவள் முகத்தில்
யாரோ இன்னொருத்தியின் நிறம் பூசிக் கிடந்தது,
கழுத்தடியில் கோடு போட்டதுபோல் முடிந்தது.
நான் பெட்டியை ஏற்றி, பல்பைப் போட்டேன்.
போட்ட கையோடு
கரண்ட் போனது.

ஊர் முழுக்க இருட்டு.
வியர்வையில் பூச்சு இறங்கத் தொடங்க
ரூபி ஒரு துவாயைக் கேட்டாள்,
எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்னத் துடைத்தாள்.
ஈயத்தாள், லஞ்ச் சீற், என் ஒரு கிழமை,
எல்லாம் ஒரு மூலையில்
வெறும் பிஸ்கட் பெட்டியாய் நின்றன.

மாப்பிள்ளையின் மச்சான் நிரோஷன்
பைக்கை விறாந்தையில் ஏற்றினான்.
நேரே அடித்தால் கண் கூசும்.
"அவள்ள அடிக்காத, இதில அடி" என்று
மூடியை ஒரு பையனிடம் கொடுத்தேன்.
ஹெட்லைட் மூடியில் மோதியது.
வந்த வேகம் அங்கேயே கழன்று விழ,
மிச்சம் மட்டும்
அவள் கன்னத்துக்குத் திரும்பி வந்தது.

எஞ்சின் இரைச்சலுக்குள்
ரூபி மூக்கைச் சுளித்தாள்.
"சூரை மணக்குது."
"சூடைக்கா," என்றான் மூடி பிடித்த பையன்,
தொழில் தெரிந்தவன்போல.
"போடா, சூரைதான்.
எங்கட அப்பாட சாரத்துல இந்த மணம்தான்."
அவள் சிரித்தபோது அழுத்தினேன்,
அதற்குப் பிறகு
சிரிப்பு அடங்கி எங்கோ பார்த்தபோதும்.

கமராவின் முதுகில் படத்தைக் காட்டினேன்.
கறுப்பு கறுப்பாகவே இருந்தது.
அதற்குள் எத்தனை இடம் இருந்தது!
நெற்றியில் செம்பு, தாடையடியில் ஈர மண்,
கழுத்துக் குழியில்
பைக் விளக்கு தேங்கிய ஒரு சொட்டு.
மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.
வெள்ளை என்ற சொல் வரவில்லை.
"வெளிச்சம் இல்லாம எடுத்த படத்துக்கு
முழுக்காசும் கேப்பியா?" என்றாள்.

கேட்டேன். முக்கால்வாசி தந்தார்கள்.

இரவு ஸ்கூட்டியில் பின்னால் கட்டிய மூடி
கல்லடிப் பாலத்தில் காற்றைப் பிடித்தது.
ஒரு மூலை முறிந்து
வெள்ளை மணிகள் வாவிக்கு மேல் பறந்து போயின.
மீதி இருப்பது ஒரு முகத்துக்குப் போதும்,
ஜோடிக்குப் போதாது.
சனிக்கிழமை மருதமுனையில் ஒரு நிச்சயதார்த்தம்.
தவேந்திரன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்,
இந்தமுறை
இறால் பெட்டி.