ஏழாம் குழாய்

மூடியைத் திறக்க ஓர் அறுகோணச் சாவி.
இரவுப் பனியில் இறுகிப்போயிருக்கிறது.
சுத்தியலால் இரண்டு தட்டு.
வேலிக்கு அப்பால் மாடொன்று நிமிர்ந்து பார்க்கிறது.

நாடாவை இறக்குகிறேன்.
தண்ணீரைத் தொட்டதும் கீச்சிடும்.
நிலத்துக்குள் யாரோ கதவு மணி அடிக்கிறார்கள் என்று
முதல் வருடம் எனக்குச் சிரிப்பு வரும்.
இப்போது எண் மட்டும்தான்:
பதினெட்டு மீற்றர் நாற்பத்திரண்டு.
போன மாதத்தைவிட நாலு சென்ரிமீற்றர் கீழே.
அது இருக்கட்டும், ஐப்பசியிலிருந்து மழையே இல்லை.

அடுத்தது மின்கடத்துதிறன்.
எப்போதும் போல இருபத்தைந்து மீற்றரில்.
எட்டு வருடமாக அறுநூற்று நாற்பதிலேயே நின்ற குழாய் இது,
கடைசி வாங்கில் இருந்து
ஒருநாளும் ஆசிரியரிடம் பெயர் வாங்காத பிள்ளை மாதிரி.
இன்று தொளாயிரத்துப் பத்து.

முதலில் கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும்,
அது இந்தத் தொழிலின் மரியாதை.
துடைத்தேன். நியமக் கரைசலில் தோய்த்தேன்.
கருவியில் பிழையில்லை.
திரும்ப இறக்கினேன்.
தொளாயிரத்துப் பன்னிரண்டு.

மேட்டுக்குப் பின்னால் பச்சைத் தகரக் கொட்டில்கள்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு துளை.
நல்ல தண்ணீரை உள்ளே தள்ளி
முந்நூறு மீற்றர் ஆழத்து உப்பைக் கரைத்து
குழாய் வழியே உறிஞ்சி எடுக்கிறார்கள்.
மனிதர் இல்லாத காலத்தில் வற்றிய கடல்.
அது இருந்த இடத்தில் இப்போது
கதவில்லாத அறைகள்.

கீசின் அம்மா சேற்றுச் சப்பாத்தோடு வந்துவிட்டார்.
அவருடைய ஊற்றில்தான் இருபத்தாறு மாடுகள் குடிக்கின்றன.
"எப்படி, குலநாயகம்?"
வாயைத் திறக்கவில்லை நான்.
"உங்கள் ஆட்கள்தானே?"

மேலே மாநில வீதி. குளிர்காலம் முழுக்க
லொறி உப்பு வீசிக்கொண்டு போகும்.
அதுவும் இந்தக் கொட்டில்களின் உப்பு.
அவருடைய தொழுவத்தில் மாடு நக்கத் தொங்கும் கட்டியும்
இதே உப்பு.
ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும்
ஒரே ஆளின் கைரேகைதான் வரும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இங்கே தின்றது யார் என்றுதான் கேள்வி.

உப்பிடம் கேட்டுப் பயனில்லை,
ஆழத்திடம் கேட்கலாம்.
மேலிருந்து வந்ததென்றால் மேலே கூடியிருக்கும்.
ஒவ்வொரு மூன்று மீற்றராக இறக்கினேன்:
அறுநூற்றறுபது.
எழுநூறு.
இருபத்தெட்டில் ஆயிரத்து நானூற்றெண்பது.
முப்பத்தொன்றில், அடியில்,
இரண்டாயிரத்து முந்நூறு.

ட்சூடினுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"உப்புத்தண்ணீர் கனம், தெரியும்தானே.
வீதியிலிருந்து வந்தாலும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
ஒரு அளவு அளவே இல்லை. அடுத்த மாதம் பார்ப்போம்.
சரிபார்க்காத எண் வெளியே போகக் கூடாது."
அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.
அதுதான் எனக்குக் கோபம்.

மாதிரியை நாக்கில் வைக்கக் கூடாதென்பது விதி.
நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள்.
ஒரு துளி வைத்தேன்.
சவர்.
இந்தச் சொல்லுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

கீசின் அம்மா இன்னும் நிற்கிறார்.
மூக்கு சிவந்திருக்கிறது. கையுறை போடவில்லை.
எழுதி முடித்தேன், பேனையால்,
முப்பத்தொன்று, இரண்டாயிரத்து முந்நூறு,
இலக்கங்களைக் கொஞ்சம் பெரிதாகவே.

பிறகு புத்தகத்தை
வண்டியின் முன்மூடியில் விரித்தபடி வைத்துவிட்டு
நாடாவைச் சுற்ற மறுபக்கம் போனேன்.
ஐம்பது மீற்றர் நாடா.
ஈரம் துடைத்துத் துடைத்து
மெதுவாகத்தான் சுற்ற வேண்டும்.