வெறும் வண்டல்

ஆற்றங்கரையில் மீன் இறங்குதளம் கட்ட
முப்பத்தெட்டு இடத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள்.
பதினேழாவது கொடியடியில்
மண்ணோடு பானை ஓடும் வந்தது.
நம்புராஜன் ஜேசிபியை அணைத்தான்.
அதன் கைநிழலிலேயே படுத்துத் தூங்கினான்.
மணிக்கணக்கு வாடகை. தூங்கினாலும் ஓடும்.

எங்களுக்கு இருபத்தோரு நாள்.
குழியின் மண்சுவரைத் தாளில் வரைபவள் நான்.
நூல் கட்டி, மட்டம் பார்த்து,
மேலிருந்து கீழே:
பாலிதீன், நைலான் வலை, பிராந்தி மூடி.
சீனக் கிண்ணமொன்றின் நீல விளிம்பு.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்றுமில்லை.
சாம்பல் வண்டல், ஒரு சிப்பிகூடக் கிடையாது.
அதற்கும் கீழே மறுபடி சனம்:
கறுப்பு சிவப்பு ஓடுகள், சங்கு அறுத்த மிச்சம்,
‘…ன் கலம்’ என்று
ஆளை உடைத்துக்கொண்ட ஒரு பெயர்.
பானையைச் சொன்னானோ, படகைச் சொன்னானோ.

சீனி காதர் தினமும் வந்து
குழிவிளிம்பில் குந்துவார்.
“ஓட்டாஞ்சில்லுக்கு இம்புட்டு மரியாதை.
என் வள்ளம் மட்டும்
முழங்கால் சேத்துல நிக்கணுமாக்கும்.”
நான் அளவுநாடாவைச் சுருட்டினேன், விரித்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலை
ஈரம் காய்வதற்குள் தரையில் ஒரு வட்டக் கறை.
மரக்கால் ஒன்று நின்று மக்கிய இடம்.
அடுத்த குழியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.
ஆற்றுக்குள் இறங்கும் வரிசை.
பொறியாளர் ரொசாரியோ தன் வரைபடத்தை விரித்தார்.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.
கொடிக்கு ஒரு முழம் தள்ளி
அவனும் இங்கேதான் தளம் போட்டிருக்கிறான்.
“சாயில் டெஸ்ட் பண்ணாமலே” என்று சிரித்தவர்
சுவரில் என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார்.
“இந்த ஒண்ணேகால் மீட்டர் சேர
எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?”
“தெரியலை சார். இருநூறு இருக்கலாம்.
வைகை நினைச்சா ஒரே ஐப்பசி.”
டெண்டரில் தளத்தின் ஆயுள் ஐம்பது என்று போட்டிருந்தது.

கொடிகள் ஒன்றரை மீட்டர் நகர்ந்தன.
நாங்கள் மணல் போட்டு மூடினோம்,
நம்புராஜனே தள்ளிக் கொடுத்தான்.
ரொசாரியோ என் வரைபடத்துக்கு நகல் கேட்டார்.
ஆபீசுக்கா என்றேன்.
“இல்ல, எனக்கு.”

பனைக்குளம் ஜெராக்ஸ் கடையில்
பையன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
“நடுவுல வெள்ளையா இருக்கேக்கா,
மை சரியா விழலையோ?”
இல்லை, அது அப்படித்தான் என்றேன்.
பெரிய தாள், பத்து ரூபாய்.