எனாமல்

ஊரை விட்டு ஏன் வந்தார் என்று
வாலிநோக்கத்தில் யாரும் கேட்கவில்லை.
வத்தைக்கு அடிக்கிற எனாமல்தான் வாங்குவார்
மாத்வேய்.
என் முகத்தைப் பச்சையாக வரைந்தார்.
"காமாலையா?" என்றாள் ஜொகரா.
உப்பளம் ரத்தச் சிவப்பு, கடல் கறுப்பு.
"எங்க இப்படி இருக்கு?"
"நேத்து ராத்திரி இருந்துச்சு."

உடைக்க வந்த கப்பலின் பின்பக்கம்
ஆறு எழுத்து,
ரெண்டு மட்டும் கண்ணாடியில் பார்த்தாற்போலத்
திரும்பி நின்றன.
கேஸ் கட்டரைப் பற்றவைத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டார்.
துருவின் மேல் விரல் வைத்து
ஒவ்வொன்றாக வாசித்தார்.
அர்த்தம் கேட்டேன், சொல்லவில்லை.
மேஸ்திரி கத்தினான்.
வெட்டினேன்.

பிறகு வரைந்ததில் கப்பலே இல்லை.
தீப்பொறி,
ஓரத்தில் பச்சையாக என் கை.
எண்ணிப் பார்த்துவிட்டேன்,
விரல் ஆறு.