கணக்கில் இல்லாத குட்டி

பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு
ஓர் இரவுக்கு நாற்பது கூடை நிலக்கரி.
அள்ளிப் போடுவது, சாம்பல் வாருவது,
அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொடாமல் பார்ப்பது,
இவ்வளவுதான் என் வேலை.
காலையில் மேல்மாடியில்
நூற்றெண்பது பிள்ளைகள் கையுறை கழற்றி எழுதுவார்கள்.
அந்த விரல்கள் மடங்குவது என் மண்வாரியால்.
யாரும் சொல்லவில்லை,
நானே சொல்லிக்கொள்கிறேன்.

உலான்பாத்தருக்கு வந்து மூன்று குளிர்காலம்.
சாவ்கானில் அந்த வருஷம்
பனி உருகி, மறுபடி உறைந்து,
புல்லுக்கு மேல் கண்ணாடி மூடி போட்டது.
கீழே புல் தெரிந்தது.
ஆடுகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றன.

நானூற்றுப் பன்னிரண்டு உருப்படி.
அதிகாரி வந்தார், காதுகளை எண்ணினார்,
தாளில் ஒரு எண் எழுதினார்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.
எண் சரிதான்.
அதில் ஒரு ஆடுகூட இல்லை.

டிசம்பரில் ஒரு ராத்திரி, முள் நடுவில் நின்றது.
செய்ய ஒன்றுமில்லை.
கையில் ஒரு கரித்துண்டு, எதிரே சுண்ணாம்புச் சுவர்.
ஒரு காது வரைந்தேன்.
ஓநாய் கிழித்த இடது காது.
காது வந்ததும் நெற்றிச்சுட்டி வந்தது,
சுட்டிக்குப் பின்னால் தயங்கித் தயங்கி
அந்தக் கிழட்டுச் செம்மறி முழுசாக வந்து நின்றாள்.
அடியில் எழுதினேன்:
'உப்புக்காக என் சட்டைக் கையை நக்குவாள்.'

எனக்குப் படம் வராது.
குதிரை வரைந்தால் மேசைக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும்.
இருந்தும் தினம் ஒன்று, சில நாள் நான்கு.
'ஆற்றைக் கண்டால் இவன் பின்வாங்குவான்.'
'இவளுக்கு ரேடியோ பிடிக்கும்.'
'இந்தக் கிடாய் என் விலாவை முறித்தது, மன்னிக்கவில்லை.'
அறுபது எழுபது உருப்படிகளின் முகம்
எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை.
வெட்கமாக இருந்தது.
அவற்றுக்கு முதுகு மட்டும் போட்டேன்,
தூரத்து மேய்ச்சலில் தெரிவதுபோல.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒருநாள் கோன்சிக் வந்தான்.
மூன்று வருஷமாக என் புருஷன்
மந்தை என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை.
கெருக்குள் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தோம்,
நடுவில் அடுப்பு இருப்பதுபோல.
சுவரைப் பார்த்தபடி நின்றான்.
ஆறிய சூப்பில் கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது.
திட்டுவான் என்று நினைத்தேன்.
குனிந்து ஒரு கரியைப் பொறுக்கி
'இவன் கொம்பு உள்பக்கம் வளையும்' என்றான்,
திருத்தினான்.
அப்புறம் விடியும்வரை போகவில்லை.
முதுகு மட்டும் இருந்தவற்றில்
பதினொன்றுக்கு அவனிடம் முகம் இருந்தது.

ஏப்ரலில் கணக்கு முடிந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு.
கரியைக் கீழே போட்டிருக்கலாம்.
கை நிற்கவில்லை.
குழாய்க்குப் பக்கத்தில், ஈரம் பூத்த மூலையில்,
முழங்கால் மடித்து, எழ முயன்று, சறுக்கி,
ஒரு குட்டி.
செத்த எதன் சாயலும் இல்லை.
நான் பார்த்தே இராத மூஞ்சி.

அதன் அடியில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஈன்றவள் குட்டியை முகராமல் உதைத்தால்
அவள் பக்கத்தில் குந்தி,
பொழுது சாயச் சாயச் சொல்வோம்:
தோய்க், தோய்க், தோய்க்.
அர்த்தமில்லாத சொல்.
மனுஷரிடம் சொல்வதில்லை,
எழுதிப் பார்த்ததும் இல்லை.
சொல்லிக்கொண்டே இருந்தால்
எப்போதோ ஒரு நேரத்தில் அவள் திரும்பி முகர்வாள்,
மடி இளகும்.
அந்தச் சொல்லைத்தான் எழுதினேன்,
எழுத்துக்கூட்டி, கோணல்மாணலாக,
சுவர் முடியும்வரை.

ஜூனில் வெள்ளையடிக்க ஆள் வருவார்களாம்.
வரட்டும்.

'இது யாருடைய குட்டி?' என்றான் கோன்சிக்.
தெரியாது என்றேன்.
அவன் மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.
முள் இறங்கியிருந்தது.
இரண்டு கூடை அள்ளிப் போட்டேன்.