ஆறு கவுண்ட்

பத்தரைக்கு மிஷின் நின்றது.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் அதைத் தட்டி எழுப்புகிறவர்
விழுப்புரத்திலிருந்து வர வேண்டும்.
கண்ணால் எண்ணுகிறேன்.

அஞ்சலாட்சி, 43, க/பெ மாசிலாமணி,
சோனங்குப்பம். காய்ச்சல் எட்டாம் நாள்.
ஆக்சிஜன் பத்து லிட்டர் என்று
சீட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலில்.

கண்ணாடியில் ஒரு சொட்டு.
இன்னொரு கண்ணாடியால் இழுத்தால்
நாக்கு மாதிரி நீளும்.
சாயம் ஊற்றி, காத்திருந்து, கழுவி,
எண்ணெய் ஒரு துளி.

விரலுக்கு ஒரு பொத்தான்,
நூறானால் மணியடிக்கும் பழைய பெட்டி.
ஆள்காட்டி விரல் நியூட்ரோஃபிலுக்கு:
முடிச்சு முடிச்சாய்க் கரு,
வந்துகொண்டே இருக்கின்றன, வந்துகொண்டே.
நடுவிரல் லிம்போசைட்டுக்கு.
உருண்டை. உடம்பு முழுக்கக் கரு,
ஓரத்தில் நூலளவு நீலம்.
அந்த விரல் சும்மா கிடக்கிறது.

மணியடித்தபோது நடுவிரலில் ஆறு.
முந்தாநாள் பதினேழு.
செத்துப்போயினவா,
கூட்டமாய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டனவா,
கண்ணாடி சொல்லாது.

வார்டுக்கு ஃபோன் செய்தேன்:
"லிம்போசைட் கவுண்ட் ஆறு, டாக்டர்."
ஜன்னல் கம்பிக்கு அப்பால் ஒரு ஆள்.
சட்டையில் ஐஸ் வாடை, எறா வாடை.
துறைமுகத்து ஷெட்டில் தரம் பிரிக்கிறவர்.

"ஆறு கவுண்ட்டுன்னீங்களே மேடம்.
கிலோவுக்கு முப்பது நின்னா ஒரு வெல,
இருவது நின்னா அதுக்கு மேல.
கொறையக் கொறையப் பெருசுதான?
ஆறு கவுண்ட் எறா
என் சர்வீசுல ரெண்டே வாட்டி பாத்துருக்கேன்."
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
அளந்து காட்டினார்.
மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது.

"இது வேற கணக்குங்க" என்றேன்.
எப்படி வேற என்று அவர் கேட்கவில்லை.
நீட்டிய கையை
மடக்க மறந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை மிஷின் சரியாகிவிட்டது.
இருந்தும் அவள் டியூபிலிருந்து
ஒரு சொட்டு எடுத்தேன்.
அறுபதுவரை நடுவிரலில் மூன்றே.
அப்புறம் ஒன்று.
பக்கத்திலேயே ஒன்று. இன்னொன்று,
நீலம் கொஞ்சம் அகலமாய்.
அறுபத்தெட்டில் கையை எடுத்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனேன்.
மணியடிக்க இன்னும்
முப்பத்திரண்டு இருக்கிறது.