கோரம் இல்லாத கூட்டம்

துவாஸ் விடுதி, நான்காம் தளம், துணி காயும் கூடம்.
ஏழரைக்குக் கூட்டம் என்று
மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தேன்.
வந்தவர்கள் என்னோடு நான்கு பேர்.
மற்ற எல்லோரும் கீழே,
ஒரே கைபேசியைச் சுற்றி, கடைசி ஓவரில்.

செயலாளர் நான். எப்படி ஆனேன் என்றால்
போன ஆண்டுத் தேர்தலன்று
தட்டுக் கழுவப் போயிருந்தேன்.

பொருள் ஒன்று: மைதானம்.
ஞாயிறு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கிரிக்கெட்.
நமக்கு ஆறு முதல் ஏழு.
அந்த ஒரு மணியில்தான்
மின்னல் எச்சரிக்கைச் சங்கும் ஊதும்.

பொருள் இரண்டு: வளர்ச்சி நிதி.
அவர்களுக்குப் பச்சைப் பாய் விரித்தாயிற்று.
நமக்கு இரண்டு கோல் கம்பம். வலை, பரிசீலனையில்.
பரிசீலனை என்றால் என்ன, மொஜிபுர் கேட்டான்.
ஆஃப்சைடு மாதிரி, என்றான் ஸ்டீபன் ராயன்,
கொடி தூக்கியவருக்கு மட்டும் தெரியும்.

பொருள் மூன்றைத் தொடங்கும்போது
கீழே பெருங்கூச்சல். கம்பியில் சட்டைகள் ஆடின.
யாரும் எழுந்து போகவில்லை.
அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மொஜிபுர் தன் பையைக் கவிழ்த்தான்.
பதினாறாம் மாடியில் ஆள் விழாமல் தாங்கிய
சைட்டு வலை, ஓரம் கிழிந்து கழித்துவிட்டது,
சூப்பர்வைசர் கையெழுத்தோடு.
சிமெண்ட் உதிர உதிர
நான்கு பேரும் முடிச்சுப் போட்டோம்.

கோரம் இல்லை. தீர்மானம் செல்லாது.
வலை செல்லும்.

ஞாயிறு மாலை ஆறு ஐந்துக்கு
ராயன் அடித்த பந்து
அதில் போய்ச் சிக்கிக்கொண்டு விழ மறுத்தது.
கிரிக்கெட்டுக்காரன் ஒருவன்,
பேட்டை அக்குளில் இடுக்கியபடி
வந்து எடுத்துக் கொடுத்தான்.
பிறகு போகவில்லை.